பேர் எந்த நோட்டுல இருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லீங்க. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். அதனால வீட்டிலேயே எழுதிட்டு வந்து படிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு 'சமுதாய முன்னேற்றத்தில் மகளிரின் பங்கு'. அதை எனக்கு முன்னாடி பேசின அக்காக்கள் நல்லாவே பேசிட்டாங்க. நான் இன்னைக்கு மதியம் பொதுக்குழுவுல வரப்போற ஒரு தீர்மானத்தைப் பத்தி மட்டும் பேசறேன். வெளி மாநிலத்துல இருந்து வந்து நம்ம ஊர்கள்ல குடியிருக்கிற பெண்களைக் குழுவுல சேர்த்துக்கலாமா, வேண்டாமாங்கிறதுதான் அந்தத் தீர்மானம்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். அதைச் சொல்லாம மத்ததைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

எங்க ஊர் பல்லடம் பக்கம். தறியும் மில்லும் உள்ள ஊர். ஊருக்குத் தெக்கால மில்லுக்குப் போற வழியில ஒரு லைன் வீடு இருக்கு. வரிசையா பதினாலு ரூம். முன்னாடி அங்கே நம்ம தெக்கத்திச் சனங்க குடியிருந்தாங்க. இப்ப பீகார், ஒடிசா, ஜார்க்கண்டுன்னு வந்தவங்க இருக்காங்க. 2022 கோடையில எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி விட்டாங்க. தெருக்குழாய்ல எல்லாரும் குடத்தோட நிக்கிறோம். லைன் வீட்டுல இருந்து ஒரு பொண்ணு இடுப்புல கைக்குழந்தையோட ரெண்டு குடம் கொண்டு வந்து வரிசையில வெச்சது. நான் அந்தக் குடத்தை எடுத்து ஓரமா வெச்சுட்டேன். "ஊர்க்காரங்க பிடிச்ச அப்புறம்தான் உங்களுக்கு. வேணும்னா உங்க ஊர்ல போய்ப் பிடிச்சுக்கோ"ன்னேன். அதுக்குத் தமிழ் புரியலை. நான் சொன்னது மட்டும் புரிஞ்சுது. கடைசி வரைக்கும் நின்னுச்சு. அதோட முறை வந்தப்ப குழாய்ல காத்துதான் வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி எங்க அப்பாகிட்ட போன்ல பேசறப்ப, ஏதோ பெரிய காரியம் செஞ்ச மாதிரி இதைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசலை. அப்புறம், "உங்க அப்பாயியை இதே வார்த்தை எத்தனை பேர் சொல்லியிருக்காங்க, தெரியுமா சாமி?"ன்னு கேட்டார். அதோட போனை வெச்சுட்டார்.

எங்க அப்பாயி சிலோன்ல பொறந்தவங்க. மலை மேல தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. அவங்க தாத்தா காலத்துலயே பஞ்சம் பொழைக்க திருச்சிப் பக்கத்துல இருந்து கடல் தாண்டிப் போன குடும்பம். அங்கே தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீட்டுக்கு லயம்னு பேரு. நாம லைன்னு சொல்றோமே, அதேதான். ஒரே ரூம்ல சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம்.

அப்பாயி சொன்ன கதைகளைச் சின்ன வயசுல நான் சரியாக் காது கொடுத்துக் கேக்கலை. இப்ப அப்பாகிட்டயும், மகளோட படிப்புக்காக வாங்கின புத்தகத்துலயும் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். சிலோன்ல 1931-லயே ஆம்பளை, பொம்பளை எல்லாருக்கும் ஓட்டு வந்துடுச்சு. 1947 தேர்தல்ல தோட்டத் தொழிலாளர்களோட கட்சியில இருந்தும் ஆளுங்க ஜெயிச்சு பார்லிமெண்டுக்குப் போனாங்க. அடுத்த வருஷமே, 1948-ல, குடியுரிமைச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. உன்னைப் பெத்தவர் இந்த நாட்டுல பொறந்தார்னு காட்டு, இல்லைன்னா தாத்தாவும் பூட்டனும் இங்கே பொறந்தாங்கன்னு காட்டுன்னாங்க. தோட்டத்துல பொறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்துல யாருங்க சர்டிபிகேட் எழுதினது? லட்சக்கணக்கான பேருக்கு நாடே இல்லாமப் போச்சு. 1949-ல ஓட்டும் போச்சு.

அப்பாயி ஒண்ணு சொல்லுவாங்க. தினமும் காலையில பிரட்டுல பேர் கூப்பிடுவாங்களாம். பிரட்டுன்னா வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். "கூலி நோட்டுல எம் பேரு இருந்துச்சு, ஓட்டு நோட்டுல இல்லை"ம்பாங்க. வேலை வாங்க மட்டும் அவங்க அந்த நாட்டு ஆளு. மத்ததுக்கெல்லாம் வெளியாளு.

1964-ல நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அந்த நாட்டுப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை வெச்சுக்கும், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்னு. சட்டி பானையைப் பங்கு பிரிக்கிற மாதிரி மனுசங்களைப் பிரிச்சாங்க. எந்தப் பக்கம் போகணும்னு தோட்டத்து லயத்துல இருந்த பொம்பளைகளை யாரும் கூட்டம் போட்டுக் கேக்கலை. எங்க அப்பாயி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேசுவரத்துல இறங்கினப்ப எங்க அப்பாவுக்குப் பதினஞ்சு வயசு. மண்டபம் முகாம்ல இருந்துட்டு திருச்சிப் பக்கம் வந்து சேர்ந்தாங்க. அங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரி. கோபம் வந்தா கள்ளத்தோணின்னும் சொல்லுவாங்களாம். இங்கே வந்ததும் சிலோன்காரி. சாகுற வரைக்கும் எங்க தெருவுல அவங்களுக்கு அதுதான் பேரு. நான் ஒன்பதாவது படிக்கிறப்ப செத்துப் போனாங்க. இழவு வீட்டுலகூட "சிலோன்காரம்மா போயிடுச்சா"ன்னுதான் கேட்டாங்க.

ஆனா ஒண்ணு. இங்கே வந்ததும் அவங்களுக்கு ஓட்டு கிடைச்சுது. முதல் தடவை மை வெச்ச விரலை ஒரு வாரம் தேய்ச்சுக் கழுவாம வெச்சிருந்தாங்கன்னு அப்பா சொல்லுவார். ஓட்டுக் கேட்க வந்தவங்க லயத்து ஆளுன்னு பார்க்காம வாசல்ல நின்னு "அம்மா"ன்னு கூப்பிட்டாங்களாம். அதுக்கு அப்புறம்தான் எங்க தெருவுக்கு விளக்கு வந்துச்சாம்.

இப்பேர்ப்பட்ட அப்பாயியோட பேத்திதாங்க அந்தப் பொண்ணோட குடத்தை எடுத்து ஓரமா வெச்சது.

நாம அந்தப் பொண்ணை இந்திக்காரின்னு கூப்பிட்டோம். அதோட பாஷை இந்தியே இல்லை, ஒடியா. அதுவே எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இன்னொண்ணும் சொல்லணும். எங்க அப்பாயி கடல் தாண்டி வேற நாட்டுக்குப் போன குடும்பம். இந்தப் பொண்ணு வேற நாட்டுல இருந்து வரலை. நம்ம அரசியல் சட்டத்தோட 19-வது பிரிவு, இந்தியக் குடிமக்கள் நாட்டுல எங்கே வேணும்னாலும் போகலாம், எங்கே வேணும்னாலும் குடியிருக்கலாம்னு சொல்லுது. பொறந்த இடத்தை வெச்சு அரசாங்கம் யாரையும் பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு 15-வது பிரிவு சொல்லுது. நம்ம பிள்ளைங்க பெங்களூருக்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போறாங்களே, அதே சட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் போறாங்க.

ஏனுங்க, இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மள்ல எத்தனை பேர் இதே ஊர்ல பொறந்தவங்க? கை தூக்கச் சொன்னா பத்துப் பேர் தேறாது. கல்யாணம் ஆகி மஞ்சக் கயிறோட வந்தவங்கதானே எல்லாரும். 2011 கணக்கெடுப்புல, பொறந்த இடமோ முன்னாடி இருந்த இடமோ விட்டு வேற இடத்துல இருக்கிறவங்க இந்தியாவுல சுமார் 45 கோடிப் பேர்னு வந்துச்சு. அதுல பெண்கள்தான் அதிகம். பெண்கள் இடம் மாறினதுக்குப் பெரிய காரணம் கல்யாணம். நான் வந்த புதுசுல எங்க மாமியார், "திருச்சிக்காரிக்குக் கொங்கு நாட்டுக் குழம்பு வைக்கத் தெரியுமா?"ன்னுதான் கேட்டாங்க. ரேசன் கார்டுல என் பேரை ஏத்த ஆறு மாசம் அலைஞ்சேன். பேர் ஏறின அன்னைக்குத்தான் இது என் ஊருன்னு தோணுச்சு.

சரி, இனி மறுபக்கம் இருக்கிற நியாயத்தையும் பேசணும். எங்க வீட்டுக்காரர் தறி ஓட்டறவர். அவர் கேக்கறார்: "நீ நல்லாத்தான் பேசறே. அவங்க குறைச்ச கூலிக்கு ஓட்டறேன்னு வந்து நின்னா, எனக்கு எவன் கூலி ஏத்திக் கொடுப்பான்?" இது பொய் இல்லீங்க. எங்க வீட்டு அடுப்புல நேரா விழற அடி. லைன் வீட்டு வாடகை ஏறினதும் உண்மை. தண்ணி பத்தலைங்கறதும் உண்மை.

ஆனா ஒடிசாக்காரப் பொண்ணோட வீட்டுக்காரர் என்ன கூலி வாங்கறார்னு அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கூட்டிட்டு வந்த ஏஜெண்டு மாசா மாசம் ஒரு பங்கு பிடிச்சுக்கறார். மிச்சம்தான் கைக்கு வருது. குறைச்ச கூலி வேணும்னு அவர் கேக்கலை. கொடுக்கறவங்க குறைச்சாங்க. அவர் எங்கேயும் போய்க் கேக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் குறைச்சாங்க. வெளி மாநிலத்துல இருந்து கூட்டிட்டு வர்ற ஆளுக்கு, அதே வேலை செய்யற உள்ளூர் ஆளை விடக் குறைச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு 1979-ல வந்த சட்டத்துலயே எழுதி வெச்சாங்க. அவர் வாய் திறந்து கேக்கற நிலைமை வந்தா எங்க வீட்டுக்காரர் கூலியும் நிக்கும். அவர் பயந்துக்கிட்டு இருக்கிறவரைக்கும் ரெண்டு பேர் கூலியும் இறங்கும். இதைச் சொன்னப்ப எங்க வீட்டுக்காரர் சரின்னு சொல்லலை. ஆனா சண்டையும் போடலை.

2023 மார்ச் மாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல வடக்கத்தி ஆளுங்களை அடிக்கிறாங்கன்னு பொய்யான வீடியோக்கள் போன்ல பரவுச்சு. எங்கேயோ எப்பவோ நடந்ததை எல்லாம் இங்கே நடந்ததுன்னு போட்டாங்க. பீகார் அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பி விசாரிச்சுது. எங்க ஊர் லைன் வீட்டுல ரெண்டே நாள்ல எட்டு ரூம் காலியாச்சு. அந்தப் பொண்ணும் மூட்டை கட்டி வாசல்ல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. மூத்த பையன் எங்க ஊராட்சி ஒன்றியப் பள்ளியில ஒண்ணாவது படிக்கிறான். அவன்தான் அம்மாவுக்கும் எங்களுக்கும் நடுவுல பேசினான். "அம்மா பயமா இருக்குன்னு சொல்லுது"ன்னு நம்ம தமிழ்ல, நம்ம பிள்ளைங்க மாதிரியே சொன்னான்.

எங்க குழுவுல இருந்து நாலு பேர் அன்னைக்குச் சாயங்காலம் லைன் வீட்டு வாசல்ல போய் உட்கார்ந்தோம். பெருசா ஒண்ணும் பேசலை. பாஷை தெரியாம என்ன பேசறது? கீரை ஆய்ஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். அடுத்த நாளும் போனோம். மூணாம் நாள் மூட்டை உள்ளே போயிடுச்சு.

அதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு எங்க குழுக் கூட்டத்துக்கு வந்து, அம்பது ரூபாயை நீட்டி, "அக்கா, நானும் கட்டறேன்"னுச்சு. அன்னைக்கு நடந்த சண்டை எங்க குழு ஆரம்பிச்சதுல இருந்து நடந்ததே இல்லை. கடன் வாங்கிட்டு ரயில் ஏறிட்டா யார் பொறுப்புன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். லைன் வீட்டுல ஒரு குடும்பம் மளிகைக் கடையில பாக்கி வெச்சுட்டுப் போனதும் நடந்துச்சு. அப்ப எங்க பழைய ஊக்குநர் அக்கா தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, "நம்ம குழுவுல இதுவரைக்கும் தவணை தவறினவங்க மூணு பேர். மூணு பேரும் சொந்த ஊரு, சொந்த வீடு"ன்னாங்க. அந்த மூணுல ஒண்ணு நானுங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

கடைசியில ஓட்டுக்கு விட்டோம். பன்னெண்டு பேர்ல ஏழு பேர் சேர்க்கலாம், அஞ்சு பேர் வேண்டாம். ஆறு மாசம் சேமிப்பு மட்டும், அப்புறம் சின்னதா உள்கடன்னு எழுதினோம். வேண்டாம்னு சொன்னவங்கள்ல ஒரு அக்கா குழுவை விட்டே போயிட்டாங்க. எனக்கு அது இன்னும் வருத்தம்தான். ஆறு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு மூவாயிரம் உள்கடன் வாங்கிச்சு. ஏஜெண்டுகிட்ட இருந்த பாக்கியை அடைச்சுது. பத்துத் தவணையில கட்டி முடிச்சுது. இப்ப அவங்க வீட்டுக்காரர் ஏஜெண்டு இல்லாம நேரா மில்லுல வேலை பார்க்கிறார்.

அந்த வருஷம் அக்டோபர் 2-ந் தேதி கிராம சபையில லைன் வீட்டுக்கு ஒரு குழாய் வேணும்னு நான் எழுந்து கேட்டேன். உடனே ஒருத்தர், "அவங்க பேர் நம்ம ஊர் வாக்காளர் பட்டியல்ல இருக்கா? அப்புறம் எதுக்கு அவங்களைப் பத்திப் பேசறே?"ன்னார். கிராம சபையோட உறுப்பினர்னா ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்கதான். சட்டப்படி அவர் கேட்டது சரி. ஆனா எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வந்துச்சு. மில் வருகை நோட்டுல பேர் இருக்கு. வாடகை நோட்டுல இருக்கு. அந்த வாடகையில இருந்துதான் வீட்டு வரியும் போகுது. சோப்பு, எண்ணெய் வாங்கினா அவங்களும் வரி கட்டறாங்க. தண்ணி நோட்டுல மட்டும் பேர் இல்லை.

நான் சொன்னேன்: "ஐயா, பேர் என் பட்டியல்ல இருக்குங்க. நான் இந்த ஊரு ஓட்டர். என் ஊர்ல குடியிருக்கிறவங்களுக்கு நான் கேக்கறேன்." அன்னைக்குத் தீர்மானத்துல எழுதினாங்க. குழாய் வர எட்டு மாசம் ஆச்சு. வந்துடுச்சு. தண்ணி இன்னும் எட்டு நாளைக்கு ஒருக்காத்தான். அது எங்களுக்கும் அப்படித்தான். ஆனா இப்ப ஒரே வரிசை.

நம்ம நாட்டுல 1951-52-ல நடந்த முதல் பொதுத் தேர்தலைப் பத்தி ஒரு பயிற்சியில சொன்னாங்க. பட்டியல் எடுக்கப் போனப்ப, சொந்தப் பேரைச் சொல்லாம இன்னாரோட சம்சாரம், இன்னாரோட மகள்னு மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களோட பேர் பட்டியல்ல இருந்து போயிடுச்சாம். அதுல நிறைய பேர் வடக்கத்தி மாநிலங்கள்ல. அந்தப் பெண்களோட பேத்திங்கதான் இன்னைக்கு நம்ம லைன் வீட்டுல இருக்காங்க. நாம மறுபடியும் அவங்களை 'இந்திக்காரன் சம்சாரம்'னு கூப்பிடறோம்.

அரசாங்கம் எதுக்குன்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சது இதுதான். கத்திச் சண்டை போட்டு வாங்கத் தெரிஞ்சவங்க எப்படியும் வாங்கிக்குவாங்க. அது தெரியாதவங்களுக்கும் முறை வர்றதுக்குத்தான் பட்டியலும் ஓட்டும் சட்டமும். 1989-ல தர்மபுரியில முதல்ல சுய உதவிக் குழு தொடங்கினப்ப நம்மளையும், இவங்களுக்கு யார் கடன் கொடுப்பா, கட்டுவாங்களான்னுதான் கேட்டாங்க. நம்ம பேரை ஒரு நோட்டுல எழுதினதுல இருந்துதான் எல்லாம் மாறுச்சு. இன்னைக்கு உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு.

அதனால மதியம் ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி மூணு காரியம் மட்டும் கேட்டுக்கறேன்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் தன் ஊர்ல லைன் வீடு, ஷெட்டு, செங்கல் சூளையில எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைங்கன்னு ஒரு தடவை போய் எழுதுங்க. ஆறு வயசுல இருந்து பதினாலு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு வயசுச் சான்று இல்லைன்னு பள்ளிக்கூடத்துல சேர்க்காம விடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது.

ரெண்டு, 2020 அக்டோபர்ல இருந்து வேற மாநிலத்து ரேசன் கார்டுக்கும் நம்ம கடையில விரல் ரேகை வெச்சு அரிசி வாங்கலாம். நிறைய பேருக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுங்க. இங்கேயே நிலையா இருக்கிறவங்க இங்கே ஓட்டு வேணும்னா, பழைய ஊர்ல இருந்து மாத்திக்கலாம். ரெண்டு ஊர்லயும் வெச்சுக்கக் கூடாது. அவங்க ஊர்லயே இருக்கட்டும்னு நினைச்சா அதுவும் அவங்க இஷ்டம். அதையும் சொல்லுங்க.

மூணு, கேட்டு வர்ற பெண்ணுக்குச் சேமிப்பு நோட்டுல ஒரு பக்கம் கொடுங்க. கடனுக்கு என்ன கட்டுப்பாடு வேணுமோ போடுங்க. நம்ம எல்லாருக்கும் போட்ட கட்டுப்பாடா அது இருக்கணும், அவ்வளவுதான்.

வேண்டாம்னு ஓட்டுப் போடறவங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அந்தப் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். குடத்தை எடுத்து ஓரமா வெச்ச கை இது. மதியம் இதே கையை எந்தப் பக்கம் தூக்குவேன்னு உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பொண்ணு இன்னைக்கு இங்கே வந்திருக்குது. பின்னாடி வரிசையில, மகனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குது. நான் என்ன பேசறேன்னு அவன் சொல்லிக்கிட்டு இருக்கான். அவங்க அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுடா கண்ணு. அன்னைக்குக் குடத்தை எடுத்து வெச்சதுக்கு அக்கா மன்னிப்புக் கேக்கறாங்கன்னு சொல்லு.